எட்டுக்கால் சிப்புக்கு இருபத்தெட்டாயிரம் ரூபாயா?

லேப்டாப் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

திண்டுக்கல்லில் சிப் லெவல் லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன் எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் கம்பெனியின் பெயரை நான் இங்கே போடவில்லை. நான் சொல்லப்போகும் குறை உங்கள் ஒருவரிடம் மட்டும் இல்லை. தவிர, பெயர் போட்டால் பேச்சு வக்கீல் நோட்டீஸ் பக்கம் போய்விடும், சொல்ல வந்த விஷயம் அமுங்கிவிடும். படிக்கும்போதே இது நமக்குத்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

போன ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் மஞ்சள் பையில் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். காலேஜ் அட்மிஷன் நேரம். ஆன்லைன் விண்ணப்பம், வருமானச் சான்று, சாதிச் சான்று என்று காலை ஒன்பது மணிக்கே அவர் கடையில் கூட்டம் நிற்கும். வருஷத்தில் அவர் நாலு காசு பார்ப்பது அந்த ஆறு வாரத்தில்தான்.

நடந்தது இது. பத்து நாளைக்கு முன்னால் கடை சாத்தும் நேரத்தில் ஷட்டவுன் கொடுத்திருக்கிறார். லேப்டாப் அணையவில்லை. கறுப்புத் திரையில் உங்கள் சின்னம் வந்தது, கீழே ஒரு கோடு நகர ஆரம்பித்தது, பயாஸ் அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள் என்று இங்கிலீஷில் ஒரு வரி. அப்டேட் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. செய்யலாமா என்று அவரை யாரும் கேட்கவும் இல்லை. கோடு பாதி தாண்டியபோது கரண்ட் போனது. கூடவே லேப்டாப்பும் அணைந்தது.

“சார்ஜ் நூறு காட்டுச்சு தம்பி. ஆனா கரண்ட் போனா ஒரு நிமிஷம்கூட நிக்காது” என்றார். இரண்டு வருஷம் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடந்த பேட்டரி அப்படித்தான் ஆகும். நூறு சதவீதம் என்பது அந்தப் பேட்டரியில் இப்போது எவ்வளவு பிடிக்குமோ அதில் நூறு. புதிதில் எவ்வளவு பிடித்தது, இன்று எவ்வளவு பிடிக்கிறது என்ற இரண்டு கணக்கும் பேட்டரிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட்டிலேயே எழுதியிருக்கிறது. கேட்டால் சொல்லும். உங்கள் அப்டேட் புரோகிராம் கேட்கவில்லை. சார்ஜர் செருகியிருக்கிறதா, சதவீதம் போதுமா என்று மட்டும் பார்த்துவிட்டு, ஒரு பெண்ணின் பிழைப்பு நடக்கும் மெஷினை எழுப்புகிற நிரலான பயாஸை அழிக்கத் தொடங்கிவிட்டது.

அழிக்க என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பயாஸ் இருக்கிற ஃப்ளாஷ் சிப்பில் பழையதன் மேல் அப்படியே எழுத முடியாது. ஒவ்வொரு பகுதியாக முதலில் சுத்தமாக அழித்து, பிறகுதான் புதியதை எழுத வேண்டும். அழித்த இடத்தில் எல்லா பைட்டும் எஃப்எஃப் என்று நிற்கும். அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் நடுவில் கரண்ட் போனால் அந்த இடம் வெறும் பொட்டல். ப்ராசஸர் கண் விழித்ததும் தேடிப் போகிற முதல் கட்டளை இந்தச் சிப்பில்தான் இருக்கிறது. நினைவக முகவரியில் நாலு ஜிபிக்குச் சரியாக 16 பைட் கீழே, அதாவது சிப்பின் கடைக்கோடியில். அங்கிருந்து போகிற பாதையில் பொட்டல் வந்தால் கம்ப்யூட்டருக்கு அதற்கு மேல் வழி தெரியாது. காத்தாடி சுற்றும், கேப்ஸ் லாக் விளக்கு கண் சிமிட்டும், திரை கறுப்பாகவே இருக்கும்.

அக்கா மறுநாள் காலை முதல் வேலையாக உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குத்தான் போனார். மூன்று நாள் வைத்திருந்தார்கள். பிறகு, “போர்டு போயிடுச்சு, புது போர்டு 28,000” என்றார்கள். வாரண்டி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. லேப்டாப்பை அவர் வாங்கியது 46,000 ரூபாய்க்கு. போர்டில் எது போனது என்று கேட்டதற்கு, அதெல்லாம் சொன்னால் உங்களுக்குப் புரியாது என்று பதில் வந்திருக்கிறது.

போர்டு போகவில்லை ஐயா. போர்டில் ஒரு பாகமும் கெடவில்லை. எட்டுக் கால் உள்ள ஒரு சிப்பில் எழுதியிருந்த எழுத்து பாதி அழிந்திருந்தது. புதுச் சிப்பாகவே வாங்கினாலும் நூறு ரூபாய்க்குள் அடங்கும். உங்கள் சென்டரில் இருக்கும் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கையில் நீங்கள் கொடுத்திருப்பது போர்டு மாற்றும் அதிகாரம் மட்டும்தான். சிப்பை எழுதிப் பார்க்கும் கருவியும் இல்லை, கோப்பும் இல்லை, அனுமதியும் இல்லை.

அங்கிருந்து அக்கா பக்கத்துத் தெரு மொபைல் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு தம்பி கெட்டிக்காரன், ஆனால் இந்த வேலைக்குப் புதுசு. சிஹெச்341ஏ என்று ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கறுப்பு நிற ப்ரோக்ராமர் ஒன்று வாங்கி வைத்திருந்தான். உங்கள் இணையதளத்தில் அந்த மாடலுக்கான பயாஸ் கோப்பை இறக்கினான், கிளிப்பைச் சிப்பின்மேல் மாட்டினான், கோப்பை முதல் பைட்டிலிருந்து எழுதிவிட்டான். அதன் பிறகு காத்தாடிகூடச் சுற்றவில்லை. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. “இருந்த உயிரும் போச்சு தம்பி” என்று சொல்லித்தான் அக்கா என் முன்னால் உட்கார்ந்தார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

போர்டைக் கழற்றி, பேட்டரியைப் பிரித்து, மேஜை பவர் சப்ளையில் 19 வோல்ட் வைத்தேன். பட்டனைத் தொடாதபோது 0.03 ஆம்பியர். அழுத்தினால் 0.12 வரை ஏறி, உடனே இறங்கியது. ஷார்ட் எங்கும் இல்லை. சிப்பின் எட்டாவது காலில் 3.3 வோல்ட் சரியாக வந்தது. 1.8 வோல்ட் சிப்பாக இருந்து, அந்தத் தம்பி 3.3 கொடுத்திருந்தால் கதையே வேறாகியிருக்கும். கிளிப் மாட்டி மூன்று தடவை படித்தேன். மூன்று கோப்பும் மூன்று விதமாக வந்தன. சிப்புக்குக் கொடுக்கிற கரண்ட் போர்டுக்குள் கசிந்து, பக்கத்தில் இருக்கிற சிப்செட்டும் பாதி விழித்துக்கொண்டு குறுக்கே பேசினால் அப்படித்தான் வரும். ஹாட் ஏர் வைத்துச் சிப்பைக் கழற்றி, சாக்கெட்டில் வைத்துப் படித்தேன். இப்போது மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தன.

16 எம்பி சிப். 1,67,77,216 பைட். முதல் பக்கத்தைத் திறந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. இன்டெல் மெஷின் என்றால் ஆரம்பத்திலிருந்து 16 பைட் தள்ளி 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் என்ற நான்கு பைட் இருந்தே தீர வேண்டும். சிப்புக்குள் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை யாருடையது என்று சொல்கிற விவரப் பகுதியின் முத்திரை அது. அது இல்லை. அந்த இடத்தில் உங்கள் அப்டேட் கோப்பின் தலைப்பு உட்கார்ந்திருந்தது. கோப்பு சுமார் 12 எம்பி. அது முடிந்த இடத்திலிருந்து சிப்பின் கடைசி வரை எஃப்எஃப், எஃப்எஃப், எஃப்எஃப். ப்ராசஸர் முதலில் வந்து பார்க்கும் அந்தக் கடைக்கோடியிலும் எஃப்எஃப்தான்.

ஏன் இப்படி? நீங்கள் இணையதளத்தில் கொடுப்பது முழுச் சிப்பின் நகல் இல்லை. சிப்பில் விவரப் பகுதி ஒன்று, மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற இன்டெல்லின் தனிப் பகுதி ஒன்று, பயாஸ் பகுதி ஒன்று என்று வீட்டுக்குள் அறைகள் போல இருக்கின்றன. சில போர்டுகளில் நெட்வொர்க் எண்ணுக்குத் தனி அறையே உண்டு. உங்கள் கோப்பில் இருப்பது பயாஸ் அறை மட்டும், அதற்கு முன்னால் ஒரு தலைப்பு ஒட்டி. உயிரோடு இருக்கிற லேப்டாப் அதைப் பிரித்துத் தன் இடத்தில் வைத்துக்கொள்ளும். உயிர் போன லேப்டாப்புக்கு அந்தக் கோப்பால் பயன் இல்லை. இதைச் சொல்கிற ஒரு வரி உங்கள் பதிவிறக்கப் பக்கத்தில் கிடையாது. பயாஸ் என்று தலைப்புப் போட்டுக் கொடுத்தால், அந்தத் தம்பி முழு பயாஸ் என்றுதானே நினைப்பான்?

ஒரு காலத்தில் அப்படி நினைப்பது சரியாகவும் இருந்தது. நான் தொழில் பழகியது சென்னை ரிச்சி தெருவில். 1999 ஏப்ரல் 26-ம் தேதி சிஐஹெச் வைரஸ் வேலையைக் காட்டியது. தைவானில் ஒரு மாணவர் 1998-ல் எழுதியது, செர்னோபில் வைரஸ் என்றும் சொல்வார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கெடுத்ததோடு பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதிவைத்தது. அந்த வாரம் எங்கள் கடைக்கு வந்த செத்த கம்ப்யூட்டர்களை இன்றும் மறக்கவில்லை. அன்று எங்களிடம் ப்ரோக்ராமர் கிடையாது. சிப் சாக்கெட்டில் இருக்கும். அதே மாடலில் ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்றை டாஸில் நிறுத்தி, ஓடும்போதே அதன் நல்ல சிப்பை நெம்பி எடுத்து, செத்த சிப்பை அந்த இடத்தில் அழுத்தி, போர்டு கம்பெனி கொடுத்த கோப்பை எழுதுவோம். கை நடுங்கும். ஆனால் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். ஏனென்றால் அன்று கம்பெனி கொடுத்த கோப்பு முழுக் கோப்பு. சிப் எத்தனை கேபியோ கோப்பும் அத்தனை கேபி.

அதற்கும் முன்னால் போனால், 1981-ல் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரோடு ஒரு டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் புத்தகம் போட்டது. சர்க்யூட் படங்களும், பயாஸின் நிரல் முழுவதும் வரி வரியாகவும் அதில் அச்சாகியிருந்தன. உரிமையை ஐபிஎம் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் ரிப்பேர் பார்க்கிறவன் புரிந்துகொள்ள மறைக்கவும் இல்லை. இன்று உங்கள் போர்டின் சர்க்யூட் படம் எனக்கு வேண்டுமென்றால் யாரோ திருட்டுத்தனமாக வெளியே விட்டதைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஒழுங்காகத் தொழில் செய்கிற ஒருவனை அந்த நிலையில் வைத்திருக்கிறீர்கள்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். எழுதும் முன்னால் பழையதைப் படித்துச் சேமித்தாயா என்று கேட்டேன். “சேவ் பண்ணேண்ணே, பென்டிரைவ்ல இருக்கு” என்றான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பத்துப் பேரில் ஏழு பேர் அதைச் செய்வதில்லை. திறந்தேன். நல்லவேளையாகப் பிசகில்லாமல் படித்திருந்தான். விவரப் பகுதி இருந்தது. மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதி இருந்தது. பயாஸ் பகுதியில் நடுவே மட்டும் எஃப்எஃப் பொட்டல். உங்கள் அப்டேட் கோப்பின் தலைப்பை வெட்டி எறிந்து, உள்ளே இருந்த பயாஸை யூஇஎஃப்ஐ டூல் வைத்துச் சரிபார்த்து, பழைய கோப்பில் அதன் இடத்தில் பொருத்தினேன். சீரியல் எண்ணும் விண்டோஸ் உரிமச் சாவியும் இருந்த சிறு பகுதியைப் பழையதிலிருந்தே அப்படியே வைத்துக்கொண்டேன். புதுச் சிப்பில் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, போர்டில் பற்றவைத்தேன்.

பட்டனை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. காத்தாடி சுற்றி நின்றது. மறுபடி சுற்றியது. திரை கறுப்பு. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பதறி அணைத்துவிடுகிறார்கள். புதிதாக எழுதிய பயாஸ் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும், தானாகவே ஓரிரு முறை அணைந்தும் எழும். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், உங்கள் சின்னம் வந்தது. அக்கா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

அதோடு முடியவில்லை. அடுத்து வந்தது நீலத் திரை. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. பயாஸ் மாறினால் வட்டைப் பூட்டியிருக்கும் பிட்லாக்கர் சந்தேகப்பட்டுக் கேட்பது முறைதான், பூட்டின்மேல் தப்பில்லை. ஆனால் தன் வட்டு பூட்டியிருக்கிறது என்பதே அக்காவுக்குத் தெரியாது. வாங்கின அன்று கடைக்காரர் வேறு யாருடைய போன் நம்பரிலோ கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தார். அந்த நம்பரைத் தேடிப் பிடித்துச் சாவி எடுக்க இன்னும் ஒரு நாள். ஆக மொத்தம் பதினோரு நாள். அட்மிஷன் நேரத்தில் பதினோரு நாள் கடை பூட்டிக் கிடந்தால் கூட்டம் எதிர்க் கடைக்குப் போய்விடும். போனது.

அந்த பென்டிரைவ் மட்டும் இல்லாதிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உங்கள் இணையதளம் உதவியிருக்காது. டெலிகிராமில் யாரென்றே தெரியாத ஒருவரிடம் இருநூறோ முந்நூறோ கொடுத்து வேறு மெஷினின் சிப்பிலிருந்து படித்தெடுத்த டம்ப் கோப்பை வாங்கியிருப்பேன். அதில் இன்னொருவரின் சீரியல் எண் இருக்கும். மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதி இந்தப் போர்டோடு ஒட்டாவிட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அரை மணி நேரத்தில் அணையும். அதைவிடப் பயம் வேறு. 2018-ல் ஈசெட் நிறுவனத்தார் லோஜாக்ஸ் என்ற ஒன்றைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். பயாஸ் சிப்புக்குள்ளேயே குடியிருக்கும் உளவு நிரல். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் விண்டோஸை மறுபடி போட்டாலும் போகாது. ஊர் பேர் தெரியாத டம்ப்புக்குள் என்ன இருக்கிறது என்று யார் உத்தரவாதம் தருவது? ஆதார், வங்கி விவரம் என்று ஊராரின் காகிதமெல்லாம் ஓடுகிற ஜெராக்ஸ் கடை லேப்டாப் அது. பாதுகாப்பு என்று சொல்லி முழுக் கோப்பை நீங்கள் மறைப்பதால், ஊர் முழுக்க எழுதப்படுவது பாதுகாப்பே இல்லாத கோப்பு.

பாதுகாப்புக்காகத்தான் தர முடியவில்லை என்று உங்கள் ஆட்கள் எனக்கு இமெயில் எழுதினார்கள். ஒரு தொழிலாளியாகப் பதில் சொல்கிறேன். 2013-ல் ஹாஸ்வெல் தலைமுறை ப்ராசஸரோடு இன்டெல் பூட் கார்டைக் கொண்டுவந்தது. நீங்கள் அதைப் போட்டுப் பூட்டிய போர்டில் உங்கள் கையொப்பச் சாவியின் அடையாளம் அழிக்க முடியாதபடி சிப்செட்டிலேயே பதிந்துவிடுகிறது. அதன் காவலில் இருக்கிற பயாஸில் ஒரு பைட்டை நான் மாற்றினாலும் மெஷின் எழாது. அப்படியென்றால் கோப்பை வெளியே கொடுப்பதில் உங்களுக்கு என்ன ஆபத்து? யார் திருத்தினாலும் ஓடாது. திருத்தாமல் எழுதுகிறவன் நீங்கள் செய்த பயாஸைத்தான் எழுதுகிறான். சீரியல் எண், உரிமச் சாவி போன்றவை மெஷினுக்கு மெஷின் மாறும், அவற்றை ஊருக்கெல்லாம் ஒரே கோப்பில் போட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அவற்றை வெறுமையாக விட்டுக் கொடுங்கள். சீரியலை வாங்கிய பில்லோடு ஒப்பிட்டுப் பதிய ஒரு வழியும் கொடுங்கள். அது உங்கள் பொறியாளர்களுக்குப் பெரிய வேலை இல்லை.

மற்றவர்கள் செய்ததைக் கேட்கிறேன், புதிதாக எதையும் கேட்கவில்லை. ஜிகாபைட் தன் டெஸ்க்டாப் போர்டுகள் பலவற்றில் பல வருஷம் இரண்டு பயாஸ் வைத்தது, ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்றும். அசூஸ் பல போர்டுகளில் பின்னால் ஒரு பட்டன் வைத்திருக்கிறது. பென்டிரைவைச் செருகி அழுத்தினால் ப்ராசஸர் இல்லாமலேயே பயாஸ் எழுதிக்கொள்ளும். லேப்டாப்பிலும் ஹெச்பியின் பல மாடல்களில் விண்டோஸ் பட்டனையும் பி-யையும் பிடித்துக்கொண்டு எழுப்பலாம், டெல்லில் கண்ட்ரோலும் எஸ்கேப்பும். எழுதும்போது தொடாமல் விடுகிற ஒரு சின்னப் பகுதி சிப்பில் பத்திரமாக இருந்தால் போதும், அது பென்டிரைவைத் தேடிப் படித்துக்கொள்ளும். அக்காவின் மாடலில் அந்த வழி இல்லை. இருந்திருந்தால் கடை சாத்தின அன்றைக்கே அவர் பையனே சரிசெய்திருப்பான்.

அதனால் கேட்கிறேன். உரிமையாளர் சம்மதம் சொல்லாமல் பயாஸைத் தொடாதீர்கள். கேட்கும்போது அவருக்குத் தெரிந்த மொழியில் கேளுங்கள், தமிழ்நாட்டில் விற்கும் மெஷினில் அந்த இரண்டு வரியாவது தமிழில் இருக்கட்டும். பேட்டரி தேய்ந்திருந்தால் அப்டேட் வேண்டாம். நீங்கள் தொடங்கிய அப்டேட்டில் மெஷின் நின்றால், வாரண்டி முடிந்திருந்தாலும் அந்தச் செலவு உங்களுடையது. உடைத்தது உங்கள் கை. சர்வீஸ் சென்டர்களுக்கு ப்ரோக்ராமரையும் முழுக் கோப்பையும் கொடுங்கள். என்னைப் போல வெளியே இருப்பவர்களுக்கும், உங்கள் கையொப்பத்தோடு, காசு வாங்கிக்கொண்டாவது கொடுங்கள்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, அந்த வருஷம் டிசம்பரிலேயே அதற்கென்று இணையதளமும் வந்தது. மின்னணுக் கழிவுக்கான புது விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. நீங்கள் 28,000 சொன்ன அந்த நல்ல போர்டை அக்கா மாற்றியிருந்தால், அது எந்தக் குறையும் இல்லாமல் கழிவுக் கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

அக்காவிடம் நான் வாங்கியது 1,500 ரூபாய், சிப்பையும் சேர்த்து. இந்தக் கடிதத்தை எழுதுகிற இன்று என் அலமாரியில் உங்கள் லேப்டாப் இன்னும் நான்கு இருக்கிறது. நான்கிலும் அதே அப்டேட், அதே கறுப்புத் திரை. நான்கிலும் போர்டு நன்றாக இருக்கிறது. ஒன்றுக்குக்கூடப் பழைய நகல் இல்லை. ஒவ்வொன்றின் மாடல் எண்ணையும் போர்டு எண்ணையும் மே மாதமே உங்களுக்கு அனுப்பினேன். கோப்பை அனுப்புங்கள், அன்று மாலையே ஓட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
சிப் லெவல் மெக்கானிக் ஒருவன்,
திண்டுக்கல்.